ஒரு நெடில், ஒரு குறில், ஒரு சிறப்பெழுத்து

கரும்பலகை என்பது, மனிதகுலம் அவசரத்தில் கறுப்புச் சாயம் அடித்துவிட்ட ஒரு திரை. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள நாகரிகத்துக்குப் பல நூறு ஆண்டுகளும் ஒரு புரொஜெக்டரும் தேவைப்பட்டன.

இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்தவர் ஆசிரியர் பயிற்சி மையத்தின் கணினி ஒருங்கிணைப்பாளர். கண்டறிந்த அன்றே அதை ஸ்லைடாகவும் போட்டுவிட்டார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் அவர் 'ஸ்லைடு சார்'. வயது முப்பத்தொன்று. பதினொரு மாத ஒப்பந்தத்தில் நான்காவது முறையாக வேலையில் இருந்தார். பன்னிரண்டாவது மாதத்தில் சட்டப்படி அவர் வேலையில் இல்லாதவர். வேலைக்கு மட்டும் தவறாமல் வருவார். அந்த மாதத்துக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'இடைவெளி'.

அவருடைய வாழ்க்கைத் தத்துவம் இரண்டே சொல். 'சொல்லாதே, காட்டு.' வீட்டிலும் அப்படித்தான். தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுக் காட்டுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார் என்று அவருடைய அக்கா அக்கம்பக்கத்தில் பெருமையாகவும் கவலையாகவும் சொல்லி வந்தாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. 'வகுப்பறைக் காட்சி மென்பொருள் குறித்த ஏழு வார இணையவழிப் பயிற்சிக்கு மொழியாசிரியர்களை ஆயத்தப்படுத்துவதற்கான முன்னேற்பாட்டு வாரம்.' தலைப்பைப் படிக்கவே ஒன்றரை மூச்சு பிடித்தது. சுருக்கமாகச் சொன்னால், குளத்தில் இறங்குவதற்கு முன்னால் கால் கழுவக் கற்றுக்கொடுக்கும் திட்டம். பதினான்கு மொழியாசிரியர்கள், ஐந்து நாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதினான்கு பேரும் கடவுச்சொல் உருவாக்கிப் பயிற்சித் தளத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

இணை இயக்குநர் அவரைக் கூப்பிட்டு நாற்காலி காட்டாமலே பேசினார்.

"பதினாலு பேரும் உள்ள போயிட்டா உன்னை நிரந்தரமாக்கற கோப்புல கையெழுத்துப் போட்டுடறேன். ஒருத்தர் வெளிய நின்னாலும் நீயும் வெளிய. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். ஒரு ஸ்லைடு மட்டும்..."

"வேண்டாம்."

அந்தக் கையெழுத்தை எதிர்பார்த்து இன்னொரு குடும்பமும் காத்திருந்தது. அக்கா பார்த்து வைத்திருந்த பெண் வீட்டார். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது, பையனின் ஒப்பந்தத்தைப் பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பன்னெண்டாவது மாசம் என் பொண்ணு என்ன சாப்பிடுவா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதற்கு ஸ்லைடு இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் பதினான்கு பள்ளிகளிலிருந்து பதினான்கு பேர் மையத்தின் இரண்டாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த பதினான்கு வகுப்புகளின் கரும்பலகைகளிலும் 'அமைதி காக்கவும்' என்று எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகள் அந்த ஒற்றை வரியை ஐந்து நாளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்சிவழிக் கல்வி என்பது இதுதான் என்றால், அது திட்டமிட்டதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

வந்தவர்களில் ஒருத்தி ஸ்லைடு சாரின் சொந்த அக்கா. நடுநிலை தவறக் கூடாது என்பதற்காக அவர் அவளை "மேடம்" என்று அழைத்தார். அவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "டேய்" என்றே அழைத்தாள்.

மூத்தவர் 'ஒற்று ஐயா'. இன்னும் பதினெட்டு மாதத்தில் ஓய்வு. சந்திப்பிழை கண்ணில் பட்டால் சோறு இறங்காது. தன் கல்யாணப் பத்திரிகையையே மூன்று முறை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர். நான்காவது முறை அச்சகக்காரர் நேராகப் பெண் வீட்டுக்குப் போய், "எதுக்கும் யோசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்வி.

ஸ்லைடு சார் அறுபத்து நான்கு ஸ்லைடுகளோடு தொடக்க உரை ஆற்றினார். எழுத்துகள் இடப்பக்கமிருந்து பறந்து வந்தன, வலப்பக்கமிருந்து உருண்டு வந்தன, சில தலைகீழாகக் குதித்தன. ஒன்பதாவது ஸ்லைடில் மண்ணுக்குள் கிடந்த ஒரு பெரிய எலும்புக்கூடு. அடியில் 'நோட்ஸ் சொல்லும் ஆசிரியர்' என்று எழுதியிருந்தது.

"எழுதிக்கோங்க," என்று அவர் நிறுத்தினார். பழக்கதோஷத்தில் மூன்று பேர் நோட்டைத் திறந்தார்கள். "பாத்தீங்களா, இந்த ஒரு வார்த்தைதான் கல்வியைக் கொன்னது. ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதறது படிப்பு இல்ல. அது ஜெராக்ஸ். என்ன ஆனாலும் சரி, இந்த அறைக்குள்ள அந்த வார்த்தை இனி கேக்கக் கூடாது."

திறந்த நோட்டுகள் வெட்கத்தோடு மூடிக்கொண்டன.

அக்கா பக்கத்தில் இருந்தவர்களிடம் தணிந்த குரலில், ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "பத்தாவதுல இவன் பாஸானதே நான் சொன்ன நோட்ஸ்லதான். ஸ்கேல் வெச்சு அடிக்கோடு போடுடான்னா அழுவான்."

"மேடம், கேள்வி நேரம் தனியா இருக்கு."

"இது கேள்வி இல்லடா. வரலாறு."

கேள்வி நேரத்தில் ஒற்று ஐயா எழுந்தார். "தம்பி, ஸ்லைடுக்கு என்னமோ தமிழ்ல போட்டிருக்கீங்களே."

"படவில்லைங்க ஐயா. அதுதான் அதிகாரபூர்வமான சொல்."

"ஆமா. 'படவில்லை ஒன்று'ன்னு போட்டீங்க. அப்புறம் 'படவில்லை இரண்டு'. அறுபத்து நாலு வரைக்கும் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன்."

"ரொம்பச் சந்தோஷங்க ஐயா."

"கண்ணுல ஒண்ணும் படவில்லை."

முதல் நாள் 'இனிதே நிறைவுற்றது' என்று அறிக்கை போனது.

செவ்வாய்க்கிழமை கணினிகளைத் திறந்தார்கள். பயிற்சித் தளம் ஒரு நிபந்தனையைக் காட்டியது. தலைமை அலுவலகம் அதை ஆங்கிலத்திலிருந்து பெருமுயற்சியோடு தமிழுக்குக் கொண்டுவந்திருந்தது. 'உங்கள் கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்பு எழுத்து இருக்க வேண்டும்.'

"ஒரு எண் இல்ல, ஓர் எண்," என்றார் ஒற்று ஐயா. முதல் முக்கால் மணி நேரம் அதற்குப் போனது.

பெரிய எழுத்து என்றால் நெடில், சிறிய எழுத்து என்றால் குறில் என்பதில் அவையில் யாருக்கும் ஐயம் எழவில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாகத் தமிழ் நடத்தியவர்களுக்கு இதில் ஐயம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். சிக்கல் சிறப்பெழுத்தில் வந்தது.

"ஆய்தம்தான்," என்றாள் அக்கா. "உயிரோடயும் சேராது, மெய்யோடயும் சேராது. மூணு புள்ளியை வெச்சுக்கிட்டுத் தனியா நிக்குது. இதைவிட என்ன சிறப்பு வேணும்?"

"தனியா நின்னா சிறப்பாம்மா? எங்க மாமனார்கூடத்தான் தனியா நிப்பார்," என்றார் ஒற்று ஐயா. "ழகரத்துக்குப் பேரே சிறப்பு ழகரம். பட்டத்தைப் பேரோடவே வாங்கிட்டு வந்த எழுத்து அது."

அவை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஆய்தக் கட்சியில் ஆறு பேர், ழகரக் கட்சியில் எட்டுப் பேர். டீ கூடத் தனித்தனியாகக் குடித்தார்கள்.

ஸ்லைடு சார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 'பெரிய எழுத்து' என்பது ஆங்கில கேப்பிடல் எழுத்து, 'சிறப்பு எழுத்து' என்பது எண்ணும் அல்லாத எழுத்தும் அல்லாத ஒரு குறி என்று அவருக்குத் தெரியும். ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் வாக்கியம் என்பது சொல்வது. அவர் காட்டுபவர். "இதுக்கு ஒரு நல்ல ஸ்லைடு தயார் பண்ணிக் காட்டறேன்," என்று அறிவித்துவிட்டுத் தன் மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அதற்குள் ஒற்று ஐயா மேசையைத் தட்டினார். முகத்தில் ஓர் ஒளி.

"கிடைச்சுருச்சு. ஏழு."

"என்ன ஏழு?"

"ஏழுங்கற சொல். ஏ நெடில். ழு குறில். ஏழுங்கறதே ஓர் எண். நடுவுல சிறப்பு ழகரம். நாலு நிபந்தனையும் ரெண்டே எழுத்துல. வேற எந்த மொழியிலயாவது முடியுமா?"

எல்லோரும் ஒரு முறை விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தார்கள். பிறகு கைதட்டல். ஆய்தக் கட்சி அங்கேயே கலைந்து ழகரத்தில் சேர்ந்தது. பதினான்கு பேரும் அந்த ரகசியச் சொல்லை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டு தட்டினார்கள்.

தளம் பதில் சொன்னது. 'எட்டு எழுத்துகள் தேவை.'

"ஏழு குடுத்தா எட்டு கேக்குது," என்றார் ஒற்று ஐயா வருத்தத்தோடு. "பேராசை."

இன்னும் இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று முறை தவறினால் இருபத்து நான்கு மணி நேரம் கதவடைப்பு. பதினான்கு கதவுகளும் மூடிக்கொண்டன.

புதன்கிழமை செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருந்த ஆசிரியர்களுக்கு அலமாரியில் பயிற்சியின் அச்சிட்ட முன்னுரை ஆறு பக்கம் அகப்பட்டது. படித்துத் தெளிவதற்காக அது அனுப்பப்பட்டிருந்தது. ஒரு மொழியாசிரியரின் பையில் கைக்குட்டை இல்லாமல் இருக்கலாம். சிவப்புப் பேனா இல்லாமல் இருக்காது. பதினான்கு பேர் கூடித் திருத்தினார்கள். ஒற்றுப்பிழை இருபத்தாறு, ஒருமை பன்மை மயக்கம் ஒன்பது, வாக்கியமே இல்லாத வாக்கியம் ஆறு. ஆக மொத்தம் நாற்பத்தொன்று. கடைசிப் பக்கத்தில் ஒற்று ஐயா ஐம்பதுக்கு இருபத்து மூன்று மதிப்பெண் போட்டு, வட்டமிட்டு, வழக்கமாக எழுதுவதை எழுதினார். 'முயற்சி தேவை. பெற்றோரை அழைத்து வரவும்.'

திருத்திய தாளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை. அலுவலக உறையில் போட்டு அனுப்பியும் விட்டார்கள்.

வியாழன் காலை பத்து மணிக்கு ஸ்லைடு சாரின் போன் அடித்தது. முன்னுரையை எழுதியவர் இணை இயக்குநரேதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எங்கப்பாவுக்கு எண்பத்து நாலு வயசுய்யா. ரெண்டு முழங்காலும் போச்சு. மாடி ஏற மாட்டார். பரவாயில்லையா?"

"சார்..."

"அம்மாவைக் கூட்டிட்டு வரவா?"

"சார், அது அவங்க பழக்கத்துல..."

"எத்தனை பேர் உள்ள போயிருக்காங்க?"

"முன்னேற்பாடு நல்லா போய்ட்டிருக்கு சார்."

"நாளைக்கு அஞ்சு மணி," என்று போன் வைக்கப்பட்டது.

கதவடைப்பு முந்தின மாலையே, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு நீங்கியிருந்தது. அன்று பிற்பகல் ஸ்லைடு சாரின் சிறந்த படைப்பும் தயாராகியிருந்தது. இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் உழைத்த ஸ்லைடு. 'பெரிய எழுத்து' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு யானை அசைந்து வந்து நின்றது. 'சிறிய எழுத்து' என்ற சொல்லுக்குக் கீழே ஓர் எறும்பு ஊர்ந்து வந்தது. பெரியது பெரியது, சிறியது சிறியது. இதற்கு மேல் ஒரு விளக்கம் உலகில் இருக்க முடியாது என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

ஆசிரியர்கள் கூர்ந்து பார்த்தார்கள்.

"யானை," என்றாள் அக்கா. "யா. நெடில்."

"எறும்பு," என்றார் ஒற்று ஐயா. "எ. குறில். நாம நெனச்சதுதான் சரி. தம்பி, மன்னிக்கணும், உங்களை நான் கொஞ்சம் குறைவா எடை போட்டுட்டேன். எவ்வளவு அழகா இலக்கணத்தைக் காட்டிட்டீங்க."

ஸ்லைடு சாரின் வாய் திறந்தது. தத்துவம் அதை மூடியது.

"இப்ப எட்டு எழுத்துதானே வேணும்?" ஒற்று ஐயா கைவிரலில் எண்ணினார். "ஏழு ரெண்டெழுத்து. நாலு ஏழு எழுதினா எட்டெழுத்து. ஏழுஏழுஏழுஏழு. முடிஞ்சுது கதை."

முடிந்தது. தளம், 'இவ்வெழுத்துகள் ஏற்கப்படவில்லை' என்றது. "இவ்வெழுத்துகள், பரவாயில்லை, புணர்ச்சி சரியா இருக்கு," என்று ஒற்று ஐயா பாராட்டிவிட்டு மீண்டும் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மூன்று நாற்பதுக்குப் பதினான்கு கதவுகளும் மறுபடி மூடின. திறக்க வேண்டுமானால் வெள்ளி மூன்று நாற்பது.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா தம்பியை மாடிப்படி வளைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அஞ்சரைக்குப் பொண்ணோட அப்பா போன் பண்ணுவார். நான் பர்மனென்ட்னு சொல்றதா, இடைவெளின்னு சொல்றதா?"

"புது ஸ்லைடு ஒண்ணு இருக்குக்கா. இதுல எழுத்து ஒவ்வொண்ணாச் சுழன்று வரும்."

"சுழன்று வந்தது போதும்டா. என்ன தட்டணும்னு வாயத் தொறந்து சொல்லித் தொலை. நாங்க எழுதிக்கறோம்."

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னால எலும்புக்கூடு காட்டினேன். கொள்கைன்னு ஒண்ணு இருக்கு இல்ல."

"கொள்கைக்கு யாருடா பொண்ணு குடுப்பா?"

அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

மூன்று நாற்பது. கதவுகள் திறந்தன. புது ஸ்லைடு ஓடியது. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் சுழன்று வந்து, பளிச்சிட்டு, புகையாக மறைந்தன. ஆசிரியர்கள் திரையைப் பார்த்தார்கள், விசைப்பலகையைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். அதற்குள் வேறு எழுத்து.

"தம்பி, எழுத்து பறக்குது," என்றார் ஒற்று ஐயா. "ஒண்ணைப் பிடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துருது. பட்டாம்பூச்சி பிடிக்கற வயசா எனக்கு?" குரலில் கேலி இல்லை. நெற்றியில் வியர்வை. "முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். இந்த ஒரு கதவைத் தொறக்கத் தெரியலன்னு பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லணுமா?"

முதல் முயற்சி பதினான்கு பேருக்கும் தவறியது. இரண்டாவதும். மீதி ஒன்று.

நான்கு இருபதுக்குப் போன் அடித்தது.

"எத்தனை பேர் உள்ள?"

"எல்லாரும் வாசல்ல இருக்காங்க சார்."

"சரி. அப்ப அஞ்சு மணிக்கு உனக்கும் வாசல்லயே விடை குடுத்துடலாம்."

ஸ்லைடு சார் போனைச் சட்டைப்பையில் போட்டார். புரொஜெக்டரை அணைத்தார். வெள்ளைத் திரையின் ஓரத்தைப் பிடித்து விட்டதும் அது 'சர்ர்' என்று மேலே சுருண்டுகொண்டது. பின்னால் ஐந்து நாளாக ஒளிந்திருந்த கரும்பலகை வெளியே வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். பிறகு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எழுதிக்கோங்க."

பதினான்கு நோட்டுகள் ஒரே நேரத்தில் திறந்தன. ஐந்து நாளில் அந்த அறையில் எல்லோரும் ஒன்றாகச் செய்து வெற்றி பெற்ற முதல் காரியம் அது.

"தலைப்பு, கடவுச்சொல். அடிக்கோடு போடுங்க. ஸ்கேல் வெச்சு."

அக்கா நிமிர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு. ஆங்கிலத்துல டி. கேப்பிடல். ரெண்டு. ஏ, சின்னது. மூணு. எம். வேகமாப் போறேனா?"

"எம் வரைக்கும் வந்துட்டோம்."

"நாலு. ஐ. அஞ்சு. எல்."

ஒற்று ஐயா எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "தமிழ்னு வருது."

"ஆமாங்க ஐயா."

"இதுல ழ எங்க?"

"ஆங்கிலத்துல ழ வராதுங்க ஐயா."

"அப்ப சிறப்பெழுத்து?"

"அதுக்குப் பதிலாத்தான் ஆறாவதா ஒண்ணு போடறோம். ஒரு சின்ன ஏ, அதைச் சுத்தி ஒரு சுழி. எண் ரெண்டுக்கு மேல இருக்கும், ஷிப்டை அழுத்திக்கிட்டுத் தட்டணும்."

"ழகரத்தை எடுத்துட்டு, வாலைச் சுருட்டிக்கிட்டுப் படுத்திருக்கற ஏ."

"கேள்வி கடைசில ஐயா. ஏழு, எண் ஒண்ணு. எட்டு, எண் ரெண்டு. முற்றுப்புள்ளி. அந்த முற்றுப்புள்ளியைத் தட்ட வேண்டாம், அது நோட்டுக்கு."

வரிசைகளுக்கு நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒருவர் நோட்டில் குனிந்து பார்த்து, "மூணாவது எழுத்து தப்பு, அடிச்சுட்டு எழுதுங்க," என்றார். அந்த நடையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான்கு ஐம்பத்திரண்டு. பதினான்கு திரைகளிலும் ஒரே சொல் மலர்ந்தது. 'வாழ்த்துக்கள்.' ஒற்று ஐயாவின் கை சிவப்புப் பேனாவுக்குப் போனது. "ஐயா, இன்னிக்கு மட்டும் அந்த க் இருந்துட்டுப் போகட்டும்," என்று அக்கா அந்தக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் தளம் இன்னும் முழுதாக வழிவிடவில்லை. பாடம் ஒன்று, கேள்வி ஒன்று. விடை எழுதினால் மட்டுமே வருகை பதிவாகும் என்று கீழே சிறிய எழுத்தில், அதாவது உண்மையாகவே சிறிய எழுத்தில், குறித்திருந்தது.

'கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் இருந்த வகுப்பறை எதிலாவது, ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் பொருள் புரியாமல் எழுதியதுண்டா? நேர்மையாக, உங்கள் சொந்த நடையில் விடையளிக்கவும்.'

பதினான்கு முகங்கள் திரையிலிருந்து நிமிர்ந்தன. பதினான்கு பேனாக்கள் தயாராக நின்றன.

"தம்பி, சொந்த நடையில எழுதணுமாம்," என்றார் ஒற்று ஐயா. "சொல்லுங்க."

மணி நான்கு ஐம்பத்தைந்து. ஸ்லைடு சார் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எழுதிக்கோங்க. 'இல்லை.' முற்றுப்புள்ளி."